மன அதிர்ச்சிக்கு விமான டிக்கெட்டில் எவ்வளவு கவர்? மதுரைப் பயணிகளுக்கு ஒரு மதிப்புரை

மதுரையிலிருந்து சென்னைக்குப் போனாலும் சிங்கப்பூருக்குப் போனாலும், டிக்கெட்டோடு சேர்த்து இன்னொன்றையும் வாங்குகிறோம். விபத்து நடந்தால் நிறுவனம் எந்த அளவுக்குப் பொறுப்பேற்கும் என்கிற வாக்குறுதி அது. சீட் அகலம், சாப்பாடு, லக்கேஜ் கிலோ என்று எல்லாவற்றையும் அலசுகிறவர்கள் இதை மட்டும் பிரித்துப் பார்ப்பதில்லை. இந்த மதிப்புரை அதைப் பற்றியதுதான். அதிலும் ஒரே ஒரு பகுதி: உடம்பில் அடி இல்லாமல் இறங்கி வந்தவருக்குப் பிற்பாடு வரும் மன பாதிப்பு. தூக்கம் போவது, தலைக்கு மேலே விமானச் சத்தம் கேட்டால் வியர்ப்பது, ரிங் ரோட்டில் பஸ் குலுங்கினாலே கம்பியை இறுக்கிப் பிடிப்பது, மாதம் கடந்தும் இதெல்லாம் நிற்காமல் இருப்பது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். உடம்புக்கு நல்ல கவர். மனசுக்கு மட்டும் என்றால் நம் சட்டப்படி ஏறக்குறைய பூஜ்யம். நிறுவனமாகப் பார்த்துக் கொடுத்தால் உண்டு. டிக்கெட் போடும்போது டிக் அடித்து வாங்குகிற இன்சூரன்ஸ் இந்த ஓட்டையை அடைப்பதில்லை. சிகிச்சைப் பக்கம்தான் நல்ல மார்க் வாங்குகிறது, அதுவும் மதுரையிலேயே காசில்லாமல் கிடைக்கிறது.

சட்டம் தரும் கவர்

வெளிநாட்டுப் பயணத்துக்கு 1999-ன் மான்ட்ரியல் உடன்படிக்கை. இந்தியா 2009-ல் சேர்ந்தது. 1972-ன் விமானப் போக்குவரத்துச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையாக அது நம் சட்டத்துக்குள் இருக்கிறது. அதில் 17-வது விதிதான் எல்லாவற்றுக்கும் வாசல். விமானத்துக்குள்ளோ, ஏறும்போதோ இறங்கும்போதோ நடந்த விபத்தால் பயணிக்கு மரணமோ உடல் காயமோ ஏற்பட்டால் நிறுவனம் பொறுப்பு. மன காயம் என்று அதில் எங்கும் இல்லை.

உடல் காயம் என்று நிரூபணமாகிவிட்டால் கவர் தாராளமானது. ஒரு பயணிக்கு 1,51,880 எஸ்.டி.ஆர். வரை, நிறுவனத்தின் மேல் தப்பு இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே இல்லை. இந்த வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் சர்வதேச அளவில் அமலில் இருக்கிறது. அதற்கு முன் 1,28,821. எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு. ரூபாயில் ஏறக்குறைய 1.8 கோடி வரும், மதிப்பு தினமும் ஏறி இறங்கும். அதற்கு மேலும் கேட்கலாம். ஆனால் தன் அலட்சியம் காரணமில்லை என்று நிறுவனம் நிரூபித்துவிட்டால் அந்த மேல்தொகை கிடையாது.

இது தானாக வந்து விழும் தொகை இல்லை. 2010 மே 22 மங்களூர் விபத்தில் 158 பேர் இறந்து 8 பேர் பிழைத்தார்கள். அதையொட்டி வந்த வழக்கில் கேரள உயர் நீதிமன்ற டிவிஷன் பெஞ்ச் 2011-ல், இழப்பு எவ்வளவு என்று காட்டினால்தான் அந்த அளவுக்குக் கிடைக்கும் என்று சொன்னது. சம்பளச் சீட்டு, மருத்துவ பில், வேலைக்குப் போகாத நாட்களின் கணக்கு எல்லாம் முதல் நாளிலிருந்தே சேர வேண்டும் என்பது இதனால்தான்.

உள்நாட்டுப் பயணம் வேறு கதை. மதுரை–சென்னை, மதுரை–ஹைதராபாத் மாதிரியான டிக்கெட்டில் மரணம் அல்லது உடல் காயத்துக்கு 2014 அறிவிக்கை வைத்த வரம்பு 20 லட்ச ரூபாய். இங்கேயும் அதே 17-வது விதிதான், அதே ஓட்டைதான்.

டிக்கெட் போடும் விதத்திலேயே இந்த இரண்டில் எது என்பது முடிவாகிவிடுகிறது. மதுரை–சென்னை–கோலாலம்பூர் ஒரே பி.என்.ஆர்.-ல் இருந்தால் மொத்தமும் ஒரே சர்வதேசப் பயணம். மதுரை–சென்னை துண்டில் விபத்து நடந்தாலும் 1.8 கோடிக் கணக்குதான். ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று சென்னை வரைக்கும் ஒரு டிக்கெட், அங்கிருந்து வேறு நிறுவனத்தில் இன்னொரு டிக்கெட் என்று போட்டால், முதல் துண்டு உள்நாட்டுப் பயணம் என்று நிறுவனத்தின் வக்கீல் எழுந்து நிற்பார். அப்புறம் இரண்டும் ஒரே பயணம்தான் என்று நீங்கள் வாதாட வேண்டும். மேலூர், சிவகங்கைப் பக்கம் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் ஆள் அனுப்புகிற ஏஜென்ட்டுகள் பலரும் போடுவது இரண்டாவது வகை. இந்த வித்தியாசத்தை அவர்கள் சொல்வதில்லை, கேட்டால்தான் ஒரே பி.என்.ஆர்.-ல் விலை எடுத்துத் தருவார்கள்.

காயமில்லாத பயணி: நான்கு தீர்ப்புகள், நான்கு விடைகள்

2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. எடையைக் குறைக்க எரிபொருள் குறையும்வரை இரண்டரை மணி நேரத்துக்கு மேல் அந்த வட்டாரத்து வானத்திலேயே சுற்றிவிட்டு, 141 பயணிகளோடு பத்திரமாகத் திருச்சியிலேயே இறங்கியது. கீழே ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் தயாராக நின்றன, டிவியில் நேரலை ஓடியது. விமானிகள் வேலையைச் சரியாகச் செய்தார்கள், யாருக்கும் காயம் இல்லை. அந்த 141 பேரில் ஒருவருக்கு ஆறு மாதம் கழித்தும் விமானம் என்றாலே மூச்சு முட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 17-வது விதியை உள்ளபடி வாசித்தால் அவருக்குச் சட்டப்படி கிடைப்பது ஒன்றுமில்லை.

இப்படி வாசிக்கிற வழக்கம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1991-ல் உறுதியானது. 1983 மே 5 அன்று மயாமியிலிருந்து பஹாமாஸ் போன ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானத்தின் மூன்று எஞ்சினிலும் பராமரிப்பின்போது சிப் டிடெக்டரை (எண்ணெயில் உலோகத் துகள் இருக்கிறதா என்று காட்டும் கருவி) மாற்றியவர்கள், கசிவைத் தடுக்கும் ஓ-ரிங்கைப் போடவில்லை. எண்ணெய் ஒழுகி, நடு எஞ்சினை முதலில் நிறுத்தினார்கள், பிறகு மற்ற இரண்டும் அணைந்தன. கடலில் இறக்கப் போகிறோம் என்று பயணிகளிடம் சொல்லிவிட்டார்கள். கடைசி நேரத்தில் நடு எஞ்சின் திரும்பப் பிடித்து மயாமியிலேயே இறங்கியது. ஒரு சாதாரண ரப்பர் வளையத்தால் வந்த வினை, இவ்வளவு அப்பட்டமான அலட்சியம். ஆனாலும் உடல் காயம் இல்லாததால் வெறும் மன வேதனைக்கு இழப்பீடு கிடையாது என்றது நீதிமன்றம். அது பழைய வார்சா உடன்படிக்கைக் காலம். மான்ட்ரியலிலும் அந்த விதியின் சாரம் மாறவில்லை.

பிரிட்டனில் 2002-ல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை ஒரே தீர்ப்பில் இரண்டு வழக்குகளைப் பார்த்தது. வட கடலில் ஒரு ஹெலிகாப்டர், எஞ்சினுக்குள் பனி புகுந்து அணைந்து, கிளம்பிய மேடையிலேயே விழுந்தது. அதில் இருந்தவருக்கு அதிர்ச்சியின் விளைவாக வயிற்றுப் புண் வந்தது. வயிற்றுப் புண் உடல் பாதிப்பு என்பதால் அதற்கு மட்டும் வழி திறந்தது. இன்னொரு வழக்கில், பக்கத்து சீட்டுக்காரர் தொட்டதால் மன அழுத்த நோய்க்கு ஆளான 16 வயதுப் பெண்ணுக்கு ஒன்றும் இல்லை. நியாயமாகப் படவில்லைதான். ஆனால் நடைமுறைக்கு இதில் ஒரு சேதி இருக்கிறது. அதிர்ச்சிக்குப் பிறகு புதிதாக வந்த உடல் கோளாறு எதுவாக இருந்தாலும் தேதியோடு டாக்டரின் குறிப்பில் ஏறியிருக்க வேண்டும்.

2017-ல் அமெரிக்காவின் ஆறாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. எதிஹாட் விமானத்தில் சீட் பாக்கெட்டுக்குள் கைவிட்ட பயணியை அங்கே கிடந்த ஊசி குத்தியது. காயம் சின்னது. தொற்று வந்துவிடுமோ என்ற பயம் பெரியது. விபத்தில் ஏதோ ஒரு உடல் காயம் இருந்துவிட்டால், அதே விபத்தால் வந்த மன வேதனைக்கும் கேட்கலாம், அந்த வேதனை காயத்திலிருந்தே பிறந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்றது. நியூயார்க் பக்கத்து இரண்டாவது சர்க்யூட் 2004-லேயே இதற்கு நேரெதிராகச் சொல்லியிருக்கிறது.

பயணிக்கு உண்மையிலேயே கைகொடுப்பது 2022 அக்டோபர் 20 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் லாடாமோஷன் என்ற விமான நிறுவனத்தின் வழக்கில் தந்த தீர்ப்பு. 2019 மார்ச்சில் லண்டன் ஸ்டான்ஸ்டெட்டில் ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது இடது எஞ்சின் வெடித்தது. அவசரமாக இறங்கிய ஒரு பயணியை, இன்னும் அணைக்காத வலது எஞ்சினின் காற்று பல மீட்டர் தூரம் தூக்கி எறிந்தது. அவருக்கு பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு) வந்தது. உடல் காயத்தோடு தொடர்பு இல்லாத மன காயத்துக்கும் இழப்பீடு உண்டு என்றது நீதிமன்றம், ஆனால் நிபந்தனையோடு. மன பாதிப்பு பொது உடல்நலத்தையே கெடுக்கும் அளவுக்குக் கடுமையாக இருக்க வேண்டும், சிகிச்சை இல்லாமல் தணியாது என்ற நிலை வேண்டும், இரண்டையும் நிபுணர் அறிக்கையும் சிகிச்சை ஆவணங்களும் காட்ட வேண்டும்.

நம் நீதிமன்றங்களை இது கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டி வாதிடலாம். ஆனால் எங்கே வழக்குப் போடலாம் என்ற 33-வது விதி இங்கே உதவிக்கு வருகிறது. நிறுவனத்தின் சொந்த நாடு, அதன் தலைமை இடம், டிக்கெட் விற்ற கிளை இருக்கும் இடம், பயணத்தின் சேருமிடம், மரணமும் காயமும் என்றால் பயணியின் நிரந்தர வசிப்பிடமும் (அந்த நிறுவனத்துக்கு அங்கே சேவை இருந்தால்). மதுரையிலிருந்து சென்னை வழியாக பிராங்க்பர்ட்டுக்கு ஒரு ஜெர்மன் நிறுவனத்தில் போகிறவர், வெறும் மன காயம் என்றால் ஜெர்மனியில் வழக்குப் போடுவது புத்திசாலித்தனம். அதே பயணம் போக-வர டிக்கெட்டில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நிறுவனத்தில் என்றால் அந்தக் கதவு பெரும்பாலும் மூடியிருக்கும். போக-வர டிக்கெட்டில் சேருமிடம் என்பது கிளம்பிய ஊர்தான். அதனால் மதுரையில் தொடங்கி மதுரையில் முடியும் டிக்கெட்டுக்கு இந்தியாவிலேயே வழக்குப் போடலாம் என்பதில் சந்தேகம் வராது. ஒரு வழி டிக்கெட்டில் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

விமானத்தில் பயணித்தவருக்குத்தான் இந்தச் சட்டம். விமான நிலையத்தில் காத்திருந்த குடும்பத்துக்கோ, போனில் விமானத்தின் தடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த தாய்க்கோ 17-வது விதி பொருந்தாது. 2025 ஜூன் 12 அகமதாபாத்தில் விமானம் விழுந்த மருத்துவ மாணவர் விடுதியில் இருந்தவர்களைப் போல தரையில் மாட்டிக்கொண்டவர்களும் பொதுவான இழப்பீட்டுச் சட்டத்தின் வழியாகத்தான் போக வேண்டும்.

நிறுவனமே கொடுத்தால்

சட்டம் விட்ட இடத்தைச் சில நிறுவனங்கள் தாமாக நிரப்பியிருக்கின்றன. ஒப்பிட மூன்று சம்பவங்கள் போதும்.

2024 மே 21 சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எஸ்.க்யூ.321, லண்டன்–சிங்கப்பூர், 211 பயணிகள். மியான்மர் மேலே காற்றுக் குலுக்கல். பெல்ட் போடாதவர்கள் கூரையில் மோதினார்கள். சில வினாடிகளில் கீழே விழுந்தார்கள். ஒருவர் இறந்தார். லேசான காயத்துக்கு 10,000 அமெரிக்க டாலர், கடுமையான காயத்துக்கு முன்பணமாக 25,000 டாலர் என்று நிறுவனம் அறிவித்தது. காயமில்லாதவர்கள் உட்பட எல்லோருக்கும் முழு டிக்கெட் பணம் திரும்ப வந்தது. காயமில்லாதவருக்கு அதற்கு மேல் கிடைத்தது, தாமதத்துக்கான இழப்பீடு.

2024 ஜனவரி 5 அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தில் பறக்கும்போதே கதவு அடைப்புப் பலகை பிய்த்துக்கொண்டு போனது. டிக்கெட் பணத்தோடு ஆளுக்கு 1,500 டாலரும், எந்நேரமும் மனநல ஆலோசனை வசதியும் கொடுத்தார்கள். மனசைத் தனியாக நினைத்துப் பார்த்ததற்காக இதற்கு மார்க் கொடுக்கலாம், தொகைக்காகக் கொடுக்க முடியாது. 2025 பிப்ரவரி 17 அன்று டொரொண்டோவில் தலைகீழாகக் கவிழ்ந்த விமானத்தின் 76 பயணிகளுக்கும் டெல்டா ஆளுக்கு 30,000 டாலர் தர முன்வந்தது, நிபந்தனை ஏதும் இல்லை என்று சொல்லி. இந்த மூன்றில் சிறந்தது இதுதான். காயம் இருக்கிறதா என்று தரம் பிரிக்கவில்லை, பணத்தை வாங்கியதால் வழக்குப் போடும் உரிமையும் போகவில்லை.

அந்தக் கடைசி விஷயத்தில்தான் நம் ஊரில் பலரும் ஏமாறுகிறார்கள். ஹோட்டல் லாபியில், தூங்காத கண்ணோடு, செக்கோடு சேர்த்து ஒரு தாளையும் நீட்டுவார்கள். பார்க்க வேண்டியது ஒரே ஒரு வரி: முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை. இந்த வரி இருந்தால் கையெழுத்து வேண்டாம். முன்பணத்துக்கு அது தேவையே இல்லை. 28-வது விதிப்படி முன்பணம் கொடுப்பது நிறுவனம் பொறுப்பை ஒப்புக்கொண்டதாகாது, பிற்பாடு வரும் இழப்பீட்டில் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அவசரத்துக்குப் பணம் வேண்டும் என்றால் அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் தமிழிலேயே, முன்பணமாக மட்டும் பெறுகிறேன், என் உரிமைகள் அப்படியே உள்ளன என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்ட பிறகு அதை போனில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். தாளைத் தர மறுத்தால் மறுத்தார்கள் என்பதையே அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுவது நல்லது.

நிறுவனம் அனுப்பும் ஆலோசகரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லோரையும் ஒரு அறையில் உட்கார வைத்து, நடந்ததை ஒருமுறை முழுக்கச் சொல்ல வைக்கும் ஒற்றை அமர்வு பி.டி.எஸ்.டி.-யைத் தடுக்காது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு அதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்கிறது. முதல் நாள் வேண்டியது சாப்பாடு, தூங்க இடம், வீட்டுக்குப் பேச போன், இனி என்ன நடக்கும் என்று நேராகச் சொல்லும் ஒரு ஆள். இதைச் சரியாகச் செய்கிற நிறுவனம் பாதிக் கிணறு தாண்டிவிட்டது.

டிக் அடித்து வாங்கும் இன்சூரன்ஸ்

சில நூறு ரூபாய்தான், நாமும் யோசிக்காமல் டிக் அடித்துவிடுவோம். மன அதிர்ச்சிக்காக இதை வாங்குவதாக இருந்தால் வாங்க வேண்டாம்.

காரணம் பாலிசியின் வரையறைப் பக்கத்திலேயே இருக்கிறது. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வைத்த வரையறைப்படி, காயம் என்பது வெளிப்புறமான, வன்மையான, கண்ணுக்குத் தெரியும் காரணத்தால் நேரடியாக வந்த உடல் சேதம், நோய் இதில் சேராது, மருத்துவர் சான்று வேண்டும். பி.டி.எஸ்.டி. இதில் முதல் வரியிலேயே விழுந்துவிடும். தனிநபர் விபத்துப் பிரிவு கொடுப்பது மரணம், நிரந்தர முழு ஊனம், நிரந்தரப் பகுதி ஊனம். எல்லா நிறுவனமும் விற்க வேண்டிய சரல் சுரக்ஷா பீமாவும் 2.5 லட்சத்திலிருந்து 1 கோடி வரை இதே மூன்றைத்தான் அடிப்படையாகக் கொடுக்கிறது. வெளிநாட்டுப் பயண பாலிசிகள் பலவற்றில் மனம், நரம்பு, உணர்ச்சி சார்ந்த கோளாறுகள் விலக்குப் பட்டியலில் பெயர் போட்டே இருக்கும். பயத்தால் திரும்பி வரும் டிக்கெட்டை ரத்து செய்து ரயிலில் வந்தால் அந்தப் பணமும் பெரும்பாலும் தேறாது, ரத்துக்கு ஏற்கும் காரணங்களின் பட்டியலில் பயம் இருப்பதில்லை. லக்கேஜ் தொலைந்தால், வெளிநாட்டில் ஆஸ்பத்திரியில் படுத்தால் இந்த பாலிசி பயன்படும். அதற்காக வாங்குவது தப்பில்லை.

வழக்கமான மெடிக்ளைம் பாலிசி கொஞ்சம் மேல். 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 21-வது பிரிவு, உடல் நோய்க்குத் தருகிற அதே அடிப்படையில் மனநோய்க்கும் இன்சூரன்ஸ் தர வேண்டும் என்கிறது. 2022 அக்டோபர் 31-க்குள் எல்லா பாலிசியும் இதற்கு ஏற்ப மாற வேண்டும் என்று ஆணையமும் உத்தரவு போட்டது. சிக்கல் வேறு இடத்தில். மெடிக்ளைம் பெரும்பாலும் பணம் தருவது 24 மணி நேரமாவது படுக்கையில் சேர்ந்தால். பி.டி.எஸ்.டி.-க்கான சிகிச்சையோ முழுக்க ஓ.பி.-தான்: வாரம் ஒரு அமர்வு, மாதம் ஒரு மாத்திரைச் சீட்டு. ஓ.பி. கவர் தனியாகச் சேர்த்திருந்தால் மட்டுமே இந்தச் சட்டத்தால் கையில் காசு வரும். பாலிசியைப் புதுப்பிக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி: ஓ.பி. வரம்பு வருடத்துக்கு எவ்வளவு, அதில் உளவியலாளர் கட்டணம் சேருமா, மனநல மருத்துவர் கட்டணம் மட்டும்தானா?

மதுரையில் சிகிச்சை, அதோடு கோப்பு

இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும். சிகிச்சை தள்ளிப்போனால் உடம்பும் கெடும், வழக்கும் கெடும்.

இறங்கிய அன்றே உடம்பைக் காட்டுவது முதல் வேலை. தலையில் அடி இல்லை, எலும்பு முறியவில்லை என்று அப்படியே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பெல்ட் அழுத்திய இடத்தில் இடுப்பைச் சுற்றிக் கன்றிப்போவது மறுநாள்தான் தெரியும். அவசரச் சறுக்கில் இறங்கியவர்களுக்கு முழங்கையிலும் தொடையின் பின்பக்கத்திலும் உராய்ந்த சிராய்ப்பு இருக்கும், கணுக்கால் பிசகியிருக்கும். கேபின் அழுத்தம் சட்டென்று மாறியிருந்தால் காது அடைப்பும் வலியும் வரும், செவிப்பறையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். இல்லாததை எழுதச் சொல்வது குற்றம். இருப்பதை எழுதாமல் விடுவது, மேலே சொன்ன தீர்ப்புகளைப் பார்த்தால், கோடிக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரே வேலியை நாமே பிடுங்கிப்போடுவது.

பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனையில், விபத்துப் பிரிவில் பதிந்தால் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்) கிடைக்கும். விமான விபத்து என்றும், விமான எண்ணையும், தேதி நேரத்தையும் அதில் போடச் சொல்ல வேண்டும். தனியார் மருத்துவமனை என்றால் டிஸ்சார்ஜ் சம்மரியிலோ ஓ.பி. சீட்டிலோ இதே விவரம். விழுந்துவிட்டார் என்று மொட்டையாக எழுதிய சீட்டு பிற்பாடு உதவாது.

மனசுக்கான பக்கம். முதல் மாதத்தில் தூக்கமின்மையும் திடுக்கிடலும் பலருக்கு வரும், பலருக்குத் தானாகவே தணியும். அந்தக் கட்டத்தில் டாக்டர்கள் சொல்வது கடும் மன அழுத்த எதிர்வினை. ஒரு மாதம் தாண்டியும் நின்றால்தான் பி.டி.எஸ்.டி. முதல் மாதத்தில் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை வேண்டாம். அல்பிரசோலம், டயசிபாம் வகை மாத்திரைகளை அதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத்தில் இந்த அறிகுறிகளுக்குத் தரக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டுதல். பயன் தருவது அதிர்ச்சியை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, வழக்கமாக 8 முதல் 12 அமர்வு, அல்லது கண் அசைவைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். மாத்திரை தேவைப்பட்டால் செர்ட்ராலின் போன்றவை, டாக்டர் பார்த்து.

ராத்திரி 2 மணிக்குப் பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலிமனஸ், தமிழில், கட்டணமில்லை, 24 மணி நேரமும். அது ஆறுதலுக்கு. ஆவணமாக ஆகாது. ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவு ஓ.பி. இலவசம். கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விட வேண்டும், ஒவ்வொரு முறையும் அதே டாக்டரைப் பார்ப்பது உறுதியில்லை. வழக்குக்கு இதுதான் குறை: ஒரே டாக்டர் தொடர்ந்து பார்த்து எழுதிய குறிப்புதான் நிபுணர் அறிக்கையாக வலுவாக நிற்கும். அமர்வுகளுக்கு நேரம் ஒதுக்கித் தரும் தனியார் மனநல மருத்துவர்களும், எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை போன்ற நெடுநாள் அமைப்பும் ஊரில் இருக்கின்றன. நோயறிதலும் மருந்தும் பெரியாஸ்பத்திரியில், அமர்வுகள் வெளியே என்று பிரித்துக்கொள்வது செலவைக் குறைக்கும்.

முதல் சந்திப்பிலேயே கேட்டு வாங்க வேண்டியது, பி.டி.எஸ்.டி. அறிகுறிகளை அளக்கும் பி.சி.எல்.-5 கேள்வித்தாளின் மதிப்பெண். 20 கேள்விகள், 80-க்கு மதிப்பெண், 31–33-ஐத் தாண்டினால் பி.டி.எஸ்.டி. இருக்கலாம் என்று முழுமையாகப் பரிசோதிப்பார்கள். மாதம் ஒருமுறை அதையே திரும்ப எடுத்தால் பாதிப்பு எப்படிப் போகிறது என்பது எண்ணாகவே கோப்பில் நிற்கும். சீட்டில் வெறும் ஆங்சைட்டி என்று எழுதினால் போதாது. எந்தச் சம்பவத்தால், எப்போதிலிருந்து, வேலையையும் சாப்பாட்டையும் தூக்கத்தையும் எப்படிப் பாதிக்கிறது, சிகிச்சை இல்லாமல் தணியுமா என்ற நான்குக்கும் பதில் வேண்டும். லாடாமோஷன் தீர்ப்பு கேட்பது ஏறக்குறைய இதைத்தான். பழைய மனநலச் சிகிச்சை இருந்திருந்தால் டாக்டரிடம் மறைக்க வேண்டாம். எதிர்த்தரப்பு அதை எப்படியும் தோண்டி எடுக்கும், அப்போது மொத்தக் கோப்பும் ஆட்டம் காணும்.

முகத்தைக் காட்டி விமான நிலையத்துக்குள் நுழையும் டிஜியாத்ராவில் போகிறவர்கள் போர்டிங் பாஸைத் தாளாக எடுப்பதில்லை, பி.டி.எஃப்.-ஐ அன்றே மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்து சீட்டுக்காரர் இரண்டு பேரின் போன் எண்ணும் வேண்டும்.

கெடுவும் கதவுகளும்

இரண்டு வருடம். சேருமிடம் வந்த நாளிலிருந்து, அல்லது வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து. 35-வது விதி இதில் இரக்கம் காட்டாது, கெடு தாண்டினால் உரிமையே அழிந்துவிடும். பி.டி.எஸ்.டி. சிலருக்கு ஆறு மாதம் கழித்துத்தான் முழுதாகத் தலைகாட்டும், அதனால் உண்மையில் கையில் இருப்பது ஒன்றரை வருடம் என்று கணக்கு வைப்பது பத்திரம். நிறுவனம் சமாதானப் பேச்சு நடத்துகிறது என்பதற்காகக் கெடு நீளாது.

மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் போடலாம். 2019 சட்டப்படி புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம், நிறுவனத்தின் அலுவலகம் குருகிராமில் இருந்தாலும் கவலையில்லை. கட்டணம் கொடுத்த விலையை வைத்துத்தான். டிக்கெட் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. விமானப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வரும் இழப்பீட்டையும் நுகர்வோர் அமைப்புகள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் டிரான்ஸ் மெடிட்டரேனியன் வழக்கில் சொல்லிவிட்டது. அங்கே வழக்கமாகக் கொடுக்கிற மன உளைச்சல் தொகை பெரும்பாலும் ஆயிரங்களில்தான் இருக்கும், அதையும், உடன்படிக்கைக்கு வெளியே இழப்பீடு கேட்க முடியாது என்கிற மான்ட்ரியலின் 29-வது விதியைக் காட்டி நிறுவனம் எதிர்க்கும். அதனால் புகாரை இரண்டாகப் பிரித்து எழுதுவது நல்லது: விபத்தால் வந்த உடல், மன காயம் ஒன்று, இறங்கிய பிறகு தகவல் தராதது, மருத்துவ உதவி செய்யாதது, தாளில் கையெழுத்து கேட்டு அழுத்தியது என்ற சேவைக் குறைபாடு இன்னொன்று. இரண்டாவது 17-வது விதிக்கு வெளியே நிற்க வாய்ப்பு அதிகம், ஆதாரமும் நம் மின்னஞ்சலிலேயே இருக்கும்.

இன்சூரன்ஸ் நிறுவனம் மறுத்தால் அதற்கு வேறு வாசல். முதலில் அவர்களுக்கே எழுத்தில் முறையீடு. ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ ஒரு வருடத்துக்குள் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர். வரம்பு 50 லட்சம், கட்டணம் இல்லை, வக்கீலும் கூடாது. ஓ.பி. கவர் இருந்தும் மனநோய் என்பதற்காகவே மறுத்திருந்தால், மறுப்புக் கடிதத்தின் நகலோடு 2017 சட்டத்தின் 21-வது பிரிவை எடுத்துக்காட்டி ஒரு பக்கம் எழுதினால் போதும்.